யார் கொல்லையில் வைரம்?

தோழர்களே, முதலில் ஒரு கதை.

சிந்து நதிக்குப் பக்கத்தில் அலி ஹபெத் என்று ஒரு குடியானவன் இருந்தானாம். நிலம், தோட்டம், கையில் காசு, எல்லாம் இருந்தது. ஒரு நாள் ஒரு சாமியார் வந்து வைரத்தின் மகிமையை வர்ணித்தார். அன்று இரவே அவனுக்குத் தூக்கம் போயிற்று. நிலத்தை விற்றான். பெண்டு பிள்ளைகளை அண்டை வீட்டில் விட்டான். வைரம் தேடி தேசம் தேசமாக அலைந்தான். காசு கரைந்தது. கடைசியில் கந்தலோடு ஸ்பெயின் தேசத்துக் கடலில் விழுந்து மாண்டான். இங்கே அந்த நிலத்தை வாங்கியவன் ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டப் போனான். ஓடைக்குள் ஒரு கல் மின்னியது. எடுத்துப் பார்த்தால் வைரம்! தோண்டத் தோண்ட வைரம்! அதுவே உலகப் பிரசித்தி பெற்ற கோல்கொண்டா சுரங்கமாம்.

இதிலிருந்து நமக்குச் சொல்லப்படும் நீதி என்ன? வைரம் உன் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது. குனிந்து எடுக்காதது உன் குற்றம்!

இந்தக் கதையைச் சொன்னவர் ரஸ்ஸல் கான்வெல் என்ற அமெரிக்கர். 1843-ல் பிறந்தவர். பட்டாளத்து அதிகாரி, வக்கீல், பத்திரிகையாளர், எழுத்தாளர் என்று பல வேஷம் பார்த்துவிட்டு, பிலடெல்பியா நகரில் பாதிரியாராக அமர்ந்தவர். இந்த ஒரே பிரசங்கத்தை 1925-ல் சாகும் வரை 6,000 தடவைக்கு மேல் செய்தார். பல லட்சம் டாலர் சம்பாதித்தார். பணக்காரன் ஆவது உங்கள் கடமை என்று போதித்தார். அமெரிக்கப் பணக்காரர்களில் நூற்றுக்கு 98 பேர் யோக்கியர்கள், யோக்கியர்களாக இருப்பதால்தான் பணம் சேர்ந்தது என்றார். ஏழையாக இருப்பவன் தன் குறையால் ஏழையானான், அல்லது வேறு யாரோ ஒருவருடைய குறையால் ஏழையானான் என்றார்.

அந்த வேறு யாரோ ஒருவர் யார்? அந்த விசாரணைக்குள் மட்டும் பிரசங்கம் போவதில்லை!

பேச்சுக் கடை

இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1868-ல் ஜேம்ஸ் ரெட்பாத் என்ற பத்திரிகையாளர் பாஸ்டன் நகரில் ஒரு காரியாலயம் திறந்தார். பேச்சாளர்களை ஊர் ஊருக்கு அனுப்பி வைப்பது, ஹால் ஏற்பாடு செய்வது, கட்டணம் பேசுவது இதன் வேலை. பேச்சாளனுக்குக் கிடைப்பதில் நூற்றுக்குப் பத்து தரகு. மார்க் ட்வைன் போன்ற பெரிய எழுத்தாளர்களும் இதன் மூலம் பேசப் போனார்கள். பிற்காலத்தில் கூடாரம் போட்டு, ஊருக்கு ஊர் நகர்த்திக்கொண்டு போய், டிக்கெட் விற்றார்கள். நம் ஊரில் நாடகக் கம்பெனி வந்து போகிற மாதிரி, அங்கே பேச்சுக் கம்பெனி வந்து போயிற்று.

பேசுகிறவன் கூலி வாங்குவது தப்பா? இல்லை. நெஞ்சு வறள மூன்று மணி நேரம் பேசுவதும் உழைப்புத்தான். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும் என்று கேட்கிற நாம் பேச்சாளனுக்குக் கூலி கூடாது என்று சொல்ல மாட்டோம். நம் கேள்வி வேறு. கூலியைக் கொடுப்பது யார்? அந்தக் கூலிக்கு எந்தச் சரக்கைக் கேட்கிறார்கள்?

வைரத்தைத் தோண்டியது யார்?

கதைக்கே திரும்புவோம். கோல்கொண்டா சிந்து நதிக்கரையில் இல்லை. அது ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டை. வைரம் வந்தது ஆந்திர நாட்டில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் முதலான சுரங்கங்களிலிருந்து. 17-ம் நூற்றாண்டில் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரி அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவர் நமக்கு உறவல்ல, தொழிலாளியின் நண்பருமல்ல. வைரம் வாங்க வந்த வியாபாரி. அவர் எழுதியதையே கேளுங்கள்.

கொல்லூரில் ஏறக்குறைய 60,000 பேர் வேலை செய்தார்கள். ஆண்கள் தோண்டினார்கள், பெண்களும் குழந்தைகளும் மண் சுமந்தார்கள். ராவல்கொண்டா என்ற இன்னொரு சுரங்கத்தில், தொழிலில் கைதேர்ந்தவனுக்கே வருஷத்துக்குக் கூலி 3 வராகன். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! கல்லை ஒளித்துவிடுவார்கள் என்று 50 கூலியாட்களுக்கு 12 முதல் 15 காவலாட்கள் நின்றார்கள்.

இவர்கள் குனியவில்லையா? விடிந்தது முதல் இருட்டும் வரை குனிந்தே கிடந்தார்கள்! காலடியில் வைரம் இல்லையா? உலகத்தின் பெரிய பெரிய வைரங்களில் பல இவர்கள் கையில் பட்டுத்தான் வெளியே வந்தன. ஆனாலும் இவர்கள் குழந்தைகள் மண் சுமந்தார்கள். ஏன்? நிலம் இவர்களுடையதல்ல. கல் இவர்களுடையதல்ல.

பாதிரியாரின் கதையிலேயே இந்த உண்மை ஒளிந்திருக்கிறது. வைரம் யாருக்குக் கிடைத்தது? நிலத்தை வாங்கியவனுக்கு! ஓடைக்கரையில் கூலிக்கு மண் வெட்டியவனுக்கு அல்ல. குத்தகைக்கும் நிலம் இல்லாத, குடியிருக்கும் மனைக்கும் பட்டா இல்லாத விவசாயக் கூலித் தோழனைப் பார்த்து உன் கொல்லையைத் தோண்டு என்று உபதேசிக்கிறார்களே, அவனுக்குக் கொல்லை ஏது ஐயா?

அதே நகரம், வேறு மேடை

கான்வெல் பாதிரியாரின் பிலடெல்பியா நகரத்தில் கென்சிங்டன் என்று ஒரு பகுதி. நூற்பாலைகளும் நெசவாலைகளும் கம்பளி ஆலைகளும் நிறைந்த பேட்டை. 1903-ல் அங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. வாரம் 60 மணி நேர வேலையை 55 ஆகக் குறை என்பது கோரிக்கை. 75,000 பேர் வெளியே வந்தார்கள், அவர்களில் 10,000 பேராவது குழந்தைகள் என்று மேரி ஜோன்ஸ் தன் வாழ்க்கைச் சரிதத்தில் எழுதியிருக்கிறார்.

யார் இந்த மேரி ஜோன்ஸ்? தொழிலாளர்கள் வாய் நிறைய ‘மதர் ஜோன்ஸ்’ என்று கூப்பிட்ட தாய். அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன குடும்பம். 1867-ல் மெம்பிஸ் நகரில் வந்த மஞ்சள் காய்ச்சல் புருஷனையும் நான்கு குழந்தைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. தையல் வேலை செய்து பிழைத்தாள். 1871-ல் சிகாகோ நகரம் எரிந்தபோது அந்தக் கடையும் சாம்பலாயிற்று. அதற்குப் பிறகு அவளுக்கு வீடு இல்லை. வேலைநிறுத்தம் எங்கேயோ அங்கேதான் வீடு.

கென்சிங்டன் குழந்தைகளைப் பார்த்தாள். சிலருக்கு விரல் இல்லை. சிலருக்குக் கை நசுங்கியிருந்தது. இதை ஏன் எழுதவில்லை என்று பத்திரிகைக்காரர்களைக் கேட்டாள். ஆலை முதலாளிகள் எங்கள் பத்திரிகையில் பங்கு வைத்திருக்கிறார்கள் அம்மா என்று பதில் வந்தது. எனக்கு இந்தக் குழந்தைகளிடம் பங்கு இருக்கிறது, நானே விளம்பரம் செய்து கொள்கிறேன் என்று அவள் புறப்பட்டாள்.

அந்தக் குழந்தைகளையே மேடையில் ஏற்றினாள். விரல் போன கைகளை ஜனங்கள் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். இந்த நகரத்து மாளிகைகள் இந்த எலும்புகளின் மேல்தான் எழும்பி நிற்கின்றன என்றாள். பிறகு ஜூலை மாதத்து வெயிலில் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கோடை வீட்டை நோக்கி ஊர்வலம் போனாள். வழியில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஊர். அங்கே படித்த கனவான்கள் முன்னால் ஒரு பத்து வயசுப் பையனை நிறுத்தினாள். 75 பவுண்டு நூல் கட்டுகளைச் சுமந்து சுமந்து முதுகு கூனிப்போன பிள்ளை. நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை, வாரத்துக்கு 3 டாலர் கூலி. இதோ உங்கள் பொருளாதாரப் பாடப் புத்தகம் என்று காட்டினாள்.

ஜனாதிபதி பார்க்க மறுத்தார். வேலைநிறுத்தமும் தோற்றது. ஆனால் விஷயம் மூடிக் கிடக்கவில்லை. குழந்தை உழைப்பு நாடு முழுவதும் பேச்சாயிற்று. வருஷக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 1938-ல் அமெரிக்கா முழுவதற்குமான நியாயக் கூலிச் சட்டம் ஆலைகளில் குழந்தை உழைப்பைத் தடுத்தது.

ஒரே நகரம். ஒரே காலம். பாதிரியாரின் கண்ணுக்குக் கொல்லையில் வைரம் தெரிந்தது. கிழவியின் கண்ணுக்கு ஆலையில் கிடந்த விரல் தெரிந்தது!

சோப்புப் பெட்டி ஏறியவர்கள்

இன்னொரு மேடையைச் சொல்கிறேன். அது கடையில் சோப்பு வந்து இறங்கும் மரப்பெட்டி. தெருமுனையில் கவிழ்த்துப் போட்டால் மேடை ஆயிற்று. டிக்கெட் இல்லை, தரகு இல்லை, ஹால் வாடகை இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் என்று ஒரு நகரம். மரம் வெட்டவும் அறுவடைக்கும் ரயில் பாதை போடவும் கூலிகள் கூடும் இடம். அங்கே வேலை வாங்கித் தரும் தரகர்கள் கடை போட்டிருந்தார்கள். ஒரு டாலர் கட்டு, வேலை தருகிறேன் என்பான் தரகன். கட்டிவிட்டு நூறு மைல் போனால் அங்கே வேலை இருக்காது. இருந்தாலும் சில நாளில் மேஸ்திரி விரட்டிவிடுவான், அடுத்தவன் டாலரைக் கட்டிக்கொண்டு வருவான். தரகனும் மேஸ்திரியும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆள்பிடிக்கிற ஏஜெண்டுகளை அறிந்த நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

தொழிலாளர்கள் தரகர் கடை வாசலிலேயே பெட்டியைப் போட்டுப் பேசினார்கள். தரகனிடம் போகாதே, சங்கத்தில் சேர் என்றார்கள். உடனே நகரசபை தெருப் பேச்சுக்குத் தடை போட்டது. மதப் பிரசாரம் செய்யும் இரட்சணிய சேனைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. பரலோகத்தைப் பற்றிப் பேசலாம், கூலியைப் பற்றிப் பேசக்கூடாது!

1909 நவம்பர் 2-ம் தேதி போராட்டம் தொடங்கியது. ஒருவன் பெட்டி மேல் ஏறி ‘சக தொழிலாளிகளே’ என்பான். அவ்வளவுதான், போலீஸ் இழுத்துக்கொண்டு போகும். அடுத்தவன் ஏறுவான். பிறவியில் மேடை ஏறாத ஒருவன் ஏறி, அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு, மேலே பேசத் தெரியாமல் திகைத்து, போலீஸ் எங்கேயப்பா என்று கேட்டதாக இன்றும் ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைப் படித்ததற்கு ஒரு தோழருக்கு 30 நாள் ஜெயில். எலிசபெத் கர்லி பிளின் என்ற 19 வயதுப் பெண், கர்ப்பிணி, விளக்குக் கம்பத்தோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு பேசினாள். ஜெயில் நிரம்பிற்று. பள்ளிக்கூடத்தை ஜெயிலாக்கினார்கள். குளிரில் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்துப் போட்டார்கள். கூட்டம் குறையவில்லை. ரயிலேறி வந்துகொண்டே இருந்தார்கள்.

1910 மார்ச்சில் நகரசபை பணிந்தது. தெருவில் பேசும் உரிமை வந்தது. 19 தரகர்களின் லைசென்ஸ் ரத்தாயிற்று. நாவன்மை படைத்த எந்தப் பேச்சாளரும் இதைச் சாதிக்கவில்லை. பேசத் தெரியாத நூற்றுக்கணக்கான கூலிகள் சாதித்தார்கள்.

ஒரு பேச்சு, பத்து வருஷம்

யூஜீன் டெப்ஸ் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில்வேக்குப் போனவர். எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். 1894 புல்மன் ரயில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கி ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனவர். அவரும் ஊர் ஊராகப் பேசியவர்தான். அவர் கூட்டத்துக்கும் டிக்கெட் உண்டு. ஆனால் வந்த கூட்டம் கரி படிந்த கையோடு வந்தது.

1918 ஜூன் 16. முதல் உலக யுத்தம். ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரம். யுத்தத்தை எதிர்த்து ஜெயிலில் கிடந்த மூன்று தோழர்களைப் பார்த்துவிட்டு, நேரே பார்க்குக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினார். யுத்தத்தைத் தொடங்குகிறவன் எஜமான், அதில் சாகிறவன் உழைப்பாளி, அந்த உழைப்பாளியை ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்றார். கூட்டத்துக்குள் சர்க்கார் அனுப்பிய சுருக்கெழுத்தாளன் உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தான். டெப்ஸுக்கும் அது தெரியும். தெரிந்தே பேசினார்.

விலை? பத்து வருஷக் கடுஞ்சிறை! 1919-ல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. 60 வயது கடந்த மனிதர் அட்லாண்டா ஜெயிலுக்குள் போனார். 1920-ல் ஜெயிலுக்குள் இருந்தபடியே ஜனாதிபதித் தேர்தலில் நின்றார். 9 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு கைதிக்கு ஓட்டுப் போட்டார்கள். 1921 கிறிஸ்துமஸ் அன்று வெளியே விட்டார்கள். உடம்பு தேறவில்லை. 1926-ல் காலமானார்.

15 வருஷ உழைப்பு ஒரு மாலையில்

இதெல்லாம் பழங்கதை என்பீர்களா? நேற்றைய கணக்கைப் பாருங்கள். 2013-ல் அமெரிக்க வெளிநாட்டு மந்திரிப் பதவியிலிருந்து இறங்கிய ஹில்லாரி கிளிண்டன், கோல்ட்மன் சாக்ஸ் என்ற பெரும் பாங்கிக்கு மூன்று பேச்சுப் பேசினார். கட்டணம் 6,75,000 டாலர். ஒரு பேச்சுக்கு 2,25,000 டாலர். அந்த நாட்டில் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அந்தக் கூலிக்காரன் வாரம் 40 மணி நேரம், ஒரு வாரம் விடாமல் உழைத்தால், அந்த ஒரு பேச்சின் கட்டணத்தைச் சேர்க்க ஏறக்குறைய 15 வருஷம் ஆகும். அதுவும் சாப்பிடாமல்!

இவ்வளவு பணம் ஏன் வாங்கினீர்கள் என்று 2016 தேர்தல் சமயத்தில் கேட்டார்கள். அவர்கள் கொடுக்க வந்தது அவ்வளவு என்று பதில் சொன்னார். பாங்கிக்காரர்களிடம் என்ன பேசினீர்கள், வெளியிடுங்கள் என்று கேட்டார்கள். வெளியிடவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் வேறு வழியாகக் கசிந்துதான் வெளியே வந்தது. டெப்ஸின் பேச்சை சர்க்காரே எழுதியெடுத்து நீதிமன்றத்தில் படித்தது. பாங்கியில் பேசியதை ஜனங்கள் கேட்டும் காட்ட மறுத்தார்கள். ஜனங்களிடம் பேசுகிறவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?

அவர் செய்தார் தருமம்!

ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. கான்வெல் பாதிரியார் சம்பாதித்ததை ஏழை மாணவர்களுக்குச் செலவிட்டாரே, 1884-ல் உழைப்பாளிகளுக்கு இரவு வகுப்பு தொடங்கினாரே, அதுதானே இன்று டெம்பிள் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். மறைக்க மாட்டோம். நல்ல காரியம். படித்து முன்னேறியவர்களை வாழ்த்துகிறோம்.

ஆனால் நாள் முழுக்க ஆலையில் நின்றவன் எத்தனை மணிக்கு வகுப்புக்குப் போவான்? அவனுக்குப் படிக்க நேரம் வேண்டுமானால் வேலை நேரம் குறைய வேண்டும். அதைக் கேட்டு வெளியே வந்தவர்கள் கென்சிங்டன் தொழிலாளர்கள். சிலருக்கு ஏணி கொடுத்தது தருமம். ஏணி கிடைக்காத லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து ஏறாதது உன் குறை என்று சொன்னது அதர்மம். தருமத்தைக் காட்டி அதர்மத்தை மூட முடியாது.

தோழர்களே, அந்த வைரப் பிரசங்கி செத்து நூறு வருஷம் ஆகிவிட்டது. அவர் பேரப்பிள்ளைகள் சாகவில்லை. கைப்பேசியைத் திறந்தால் பேசுகிறார்கள். நைட் ஷிப்டு முடிந்து கண் எரிய வந்தவனைப் பார்த்து, விடியற்காலை நாலு மணிக்கு எழு, வெற்றி உன் கையில் என்கிறார்கள். பஞ்சுத் தூசியில் இருமுகிறவனைப் பார்த்து, எண்ணத்தை மாற்று, எல்லாம் மாறும் என்கிறார்கள். நடவு நட்டு இடுப்பு ஒடிந்த அக்காவைப் பார்த்து, பெரிதாகக் கனவு காண் என்கிறார்கள். நாம் கேட்பது கனவு அல்ல ஐயா, கூலி!

எவர் மேடை ஏறினாலும், எழுத்தாளரோ, பத்திரிகையாளரோ, நம் சங்கத் தலைவரோ, மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பேச்சுக்குக் காசு கொடுத்தது யார்? இதைப் பேசியதால் இவருக்கு ஏதாவது நஷ்டம் உண்டா? கேட்டுவிட்டு எழுந்து போகும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனோடு சேரத் தோன்றுகிறதா, அவனை மிதித்து ஏறத் தோன்றுகிறதா?

நம் மேடையை நாம் காப்போம். ஆலை வாசலில் ஒரு பெட்டி போதும். களத்துமேட்டில் ஒரு வண்டி போதும். பேசத் தெரியாது என்று பின்வாங்காதீர்கள். ஸ்போகேனில் இரண்டே வார்த்தை தெரிந்தவர்கள் நகரசபையைப் பணிய வைத்தார்கள். அந்த இரண்டு வார்த்தை நமக்கும் தெரியும்.

சக தொழிலாளிகளே! ஏறுங்கள் மேடை!